சைகோன் விளக்கு எரிந்த வீடுகள்

வாடகைச் சாமான் கடை வைத்திருப்பவன் ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் போயாக வேண்டும், ஒரு கல்யாணத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டான். என்னைப் போலவே இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவராக நீங்கள் இருந்தால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் நாம் அண்டாவுக்குள் தலையை விட்டுக் கரண்டி தேடிக்கொண்டிருப்போம். தாம்பாளம் நெளிந்திருக்கும், ஜமக்காளத்தில் சாம்பார் காய்ந்திருக்கும். கேட்டால், நீங்கள் கொடுத்ததே அப்படித்தான் என்பார்கள். வாடகைக்குப் போன சாமான் போன மாதிரித் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் நான் கடை திறந்தேன். அண்டா, குண்டான், பெஞ்சு, பெட்ரோமாக்ஸ் என்று ஆயிரம் உருப்படி என் கையில் புழங்கியிருக்கும். ஆனால் அந்தக் காலத்தை நினைத்தால் மற்றதெல்லாம் ஒதுங்கிக்கொண்டு ஒரே ஒரு விளக்குதான் முன்னால் வந்து நிற்கிறது.

பெஞ்சு பார்க்க வந்தவர்

முதலில் கடையின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். சாமான்களை இரண்டு அடுக்காக வைத்திருந்தோம். தெருவைப் பார்த்த பக்கம் இருந்தவை கல்யாணம், காதுகுத்து முதலிய நல்ல காரியங்களுக்குப் போகிறவை. பின்சுவர் ஓரம் இருந்தவை துக்க வீட்டுக்குப் போகிறவை. பின்பக்கத்து ஜமக்காளம் என்று தெரிந்தால் எந்த ஊரிலும் அதில் மாப்பிள்ளையை உட்கார வைக்க மாட்டார்கள். கடைக்குள் சாவு என்ற வார்த்தையையே நாங்கள் சொல்வதில்லை. முன்பக்கம் 'இங்கிட்டு அடுக்கு', பின்பக்கம் 'அங்கிட்டு அடுக்கு', அவ்வளவுதான். வருகிறவரிடம் நல்லதுக்கா கெட்டதுக்கா என்று வாய்விட்டுக் கேட்பதும் கிடையாது. துக்கத்துக்கு வந்தவர் படியேற மாட்டார். தெருவில் நின்றே கேட்பார். போகும்போது 'வாரேன்' என்று சொல்ல மாட்டார். சொல்லாமல் ஒருவர் திரும்பி நடந்தால், என் கூட்டாளி சவரிமுத்து பேசாமல் பின்பக்கம் போய் பெஞ்சுகளை இறக்க ஆரம்பிப்பான். வண்டி வேலையும் கரண்டு வேலையும் அவனுடையது, வசவு வாங்குகிற வேலை என்னுடையது.

ஒரு நாள் ஒருவர் படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக வந்து நின்றார். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, வைத்தியர் கைவிரித்துவிட்டார், பெஞ்சு காலியாக இருக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ள வந்தேன் என்றார். கிளம்பும்போது 'வாரேன்' சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தித் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கொஞ்ச மாதம் கழித்து அந்த அப்பாவே கம்பை ஊன்றிக்கொண்டு வந்து ஜம்மென்று படியேறினார். பேத்தி கல்யாணத்துக்கு வேண்டியதையெல்லாம் பேசி முடித்த பிறகு பின்பக்கமாக எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"எனக்குன்னு எம்மவன் பாத்து வச்சுட்டுப் போன பெஞ்சு எதுங்க?"

ஆச்சி பார்க்காத விளக்கு

அடுத்த வருஷம் ஒரு பஸ்ஸின் கூரையிலிருந்து சாக்கில் சுற்றிய நீளமான உருப்படி ஒன்று கடை வாசலில் இறங்கியது. கூடவே மெய்யம்மை ஆச்சி இறங்கினார். திருமயத்துக்குத் தெற்கே இருக்கிற செட்டியார் ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் செட்டியார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம்.

சாக்கைப் பிரித்தால் ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளை விளக்கு. கோயில் தூணைப் போல மேலிருந்து கீழ் வரை வரிவரியாகப் பள்ளம் ஓடிய தண்டு. அடியில் மூன்று சிங்கப் பாதம். உச்சியில் கொம்பு சுருண்ட மூன்று கிடாய்த் தலைகள், ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு இலைமாலை தொங்குகிற மாதிரி வார்ப்பு. அதற்கு மேலே பல்பு, பல்பைச் சுற்றி வெளிறிப்போன பட்டுக் குடை. ஆச்சியின் வீட்டுக்காரர் சைகோனில் வட்டிக்கடையில் இருந்தார். அங்கே ஒரு பிரெஞ்சுத் துரை ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமானை விற்றிருக்கிறார். இது பழைய ராஜா காலத்து ஜாடையில் பிரான்சிலேயே செய்த விளக்கு என்று சொன்னாராம். அதை இவர் வாங்கிக் கப்பலில் வந்த ஒரு பங்காளியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். நம் ஊருக்குக் கரண்டு வருவதற்குள் நானும் வந்துவிடுவேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏற்றுவோம் என்பது அவர் சொல்லி அனுப்பிய வார்த்தை. கல்யாணமாகி ஒரே ஒரு வருஷம் ஆச்சியோடு இருந்துவிட்டுப் போனவர் அவர்.

கரண்டு வருகிற வழியைக் காணோம். ஏற்றாத விளக்கை வீட்டில் நிறுத்தி வைப்பது நல்லதில்லை என்று அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் கொண்டுவந்தேன் என்றார் ஆச்சி. நல்ல காரியங்களுக்கு மட்டும் கொடுங்கள், அங்கிட்டு அடுக்குப் பக்கமே போகக்கூடாது, நாலு நல்ல வீட்டில் எரிந்தால் அது அவருக்குக் காவல் என்றார். சரி, எரிகிறதா என்று பார்த்துவிடலாம் என்று சவரிமுத்து வயரை மாட்டப் போனான். ஆச்சி சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்க்க மாட்டேன், அவர் வந்த பிறகு அவரோடு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். பஸ் நகர்ந்த பிறகு சவரிமுத்து சுவிட்சைப் போட்டான். சைகோன் கரண்டுக்குச் செய்த பல்பு போலிருக்கிறது, நம் ஊர்க் கரண்டு தாங்காமல் பட்டென்று வெடித்துச் சிதறியது. அப்புறம் அவன் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே சொன்னான்:

"ஆச்சி போனப்புறம் வெடிச்சுச்சே அண்ணே, அந்த மட்டும் புண்ணியம்."

நந்தி

புதுப் பல்பு போட்டு, விளக்கு முதல் முதலாகப் போனது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நமச்சிவாயம் பிள்ளை வீட்டுக்கு. அவருடைய ஒரே பெண் கமலத்துக்குக் கல்யாணம். சுத்த சைவம். தூரத்திலிருந்தே பார்த்து ஆசைப்பட்டு வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். கூடத்தில் நிறுத்தி ஏற்றிய பிறகுதான் உச்சியில் இருப்பது ஆட்டுத் தலை என்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஆள் விட்டார், நான் ஓடினேன்.

அதற்குள் வீட்டுப் பெண்கள் அதைக் குத்துவிளக்காகவே முடிவு செய்து, மூன்று தலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரமும் சுற்றிவிட்டார்கள். கருப்பர் கோயிலில் வெட்டுக்கு நிற்கிற கிடாய்கள் மாதிரியே இருந்தன. கல்யாணப் பெண் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கண் மை கன்னத்தில் இறங்குகிற வரை சிரித்தாள். எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். ஏற்றிய விளக்கைக் கல்யாண வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோவதா என்று பெண்கள் மறித்தார்கள். தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டாரின் நாதஸ்வரம் கேட்டது. பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தார்:

"கேட்டா நந்தின்னு சொல்லிருங்க. வெளிநாட்டு நந்திக்குக் கொம்பு அப்படித்தான் சுருண்டிருக்கும்னு சொல்லுங்க."

காமாலை

குடைத் துணி நைந்து போனதால் தையற்காரரிடம் கொடுத்து மாற்றினோம். அவர் கையிலிருந்த ரவிக்கைத் துணியில் நல்ல மஞ்சளாகப் பார்த்துத் தைத்துவிட்டார். குடுமியான்மலையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு விளக்கு போனது. ஊருக்குள் கரண்டு இல்லை, கரண்டு இருந்த பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து சவரிமுத்து வயர் இழுத்தான். விளக்கு எரிந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலை முதல் கால் வரை மஞ்சளாகிவிட்டார். பெண் வீட்டில் ஒரு அத்தை ஆரம்பித்து வைக்க, குசுகுசுவென்று பேச்சு சமையல்கட்டு வரைக்கும் போய்விட்டது. விளக்கை அணை என்று எவராவது வாயால் சொல்ல முடியுமா? மாப்பிள்ளையின் தகப்பனார் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் மரியாதை குறையாமல் சொன்னார்:

"அந்த விளக்கக் கொஞ்சம் குளிர வைங்க. எம்புள்ளைக்குக் காமாலையான்னு கேக்குறாங்க."

திரி

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணம். அந்த ஊரிலும் கரண்டு இல்லை, வயர் இழுக்க மில்லும் இல்லை. எரியாத விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது எங்கள் பாடு என்றார் பெண்ணின் தகப்பனார். மறுநாள் போய்ப் பார்த்தால், குடையையும் பல்பையும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பித்தளைக் கிண்ணத்தை உட்கார்த்தி, நல்லெண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தார்கள். தரையில் கிடந்த வயரை வாழை இலையில் சுருட்டி வைத்து, பிளக்குக்கும் ஒரு குங்குமப் பொட்டு.

சண்டை போடத்தான் போனேன். ஆனால் அந்த வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, கிடாய்களின் முகம்கூடச் சாந்தமாகத் தெரிந்தது. புது மாப்பிள்ளை அந்த மாதமே மலேயாவுக்குக் கப்பல் ஏறுகிறான் என்று சொன்னார்கள். கல்யாணப் பெண் ஒரு குச்சியால் திரியைத் தூண்டிக்கொண்டு நின்றாள். எனக்கு மெய்யம்மை ஆச்சியின் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன். என்ன யோசனை என்று நினைத்தாரோ, பெண்ணின் தகப்பனார் என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

"பிரெஞ்சுக்காரன் ஊர்ல நல்லெண்ணெய் கெடைக்காது போல, பாவம். அதான் கம்பிய வச்சு எரிச்சிருக்கான்."

ஆச்சியின் கேள்வி

ஆச்சி புதுக்கோட்டைக்கு எப்போது வந்தாலும் கடையில் வந்து உட்காருவார். விளக்கு எந்தெந்த வீட்டுக்குப் போனது, பெண் எப்படி இருந்தாள், என்ன புடவை, சிரித்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நந்தி கதையைச் சொன்னபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கமலத்தின் கண் மை கரைந்ததை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். விளக்கின் பக்கம் போவார், தண்டைத் தடவுவார், ஏற்றிக் காட்டவா என்றால் வேண்டாம் என்று கையை எடுத்துக்கொள்வார். வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று ஆரம்பத்தில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சைகோனில் சண்டை, கப்பல் இல்லை, கடை பாக்கி வசூலாகவில்லை என்று ஒவ்வொரு முறை ஒரு பதில் சொல்வார். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்காவிட்டாலும் கிளம்பும்போது அவரே சொல்லிக்கொள்வார்:

"நல்ல வீட்டுலதான எரிஞ்சுச்சு? அப்ப அவுக நல்லா இருக்காக."

தலைமாட்டில்

சில வருஷங்கள் போயின. ஒரு நாள் நமச்சிவாயம் பிள்ளை வந்தார். படியேறாமல் தெருவிலேயே நின்றார். சவரிமுத்து பின்பக்கம் போகத் திரும்பினான். பிள்ளை அவனைக் கைகாட்டி நிறுத்தி, இன்னும் இல்லை என்றார்.

கமலத்துக்கு நெஞ்சு நோய். புகுந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், திருச்சியில் பார்த்த டாக்டரும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருட்டைக் கண்டால் பயப்படுகிறாள், அந்த நந்தி விளக்கைத் தலைமாட்டில் வை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முடியாது என்றால் வருத்தப்பட மாட்டேன், உங்கள் கடை ஒழுங்கு எனக்கும் தெரியும் என்றார் பிள்ளை. இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

விளக்கு என்னுடையதில்லை. அன்றே பஸ் ஏறி ஆச்சியின் ஊருக்குப் போனேன். ஆச்சி முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் காய்ந்த வற்றலையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். கடைசியில் நிமிர்ந்து, "உசுரு இருக்குற வரைக்கும் எல்லாம் நல்ல வீடுதான், குடுங்க" என்றார். நான் ஊர் திரும்பி விளக்கைப் பிள்ளை வீட்டில் நிறுத்தினேன். இது ஒரு பெண் தன் தாலிக்குக் காவலாக வைத்திருக்கிற விளக்கு என்பதையும் சொன்னேன். பிள்ளை விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

சில வாரங்கள் அது கமலத்தின் தலைமாட்டில் எரிந்தது. சவரிமுத்து வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போவான். பகலிலும் எரியட்டும் என்கிறாளாம். கையை நீட்டிக் கொம்பைத் தடவிக்கொண்டு, நந்திக்குப் புல் போட்டீர்களா என்று அவனைக் கேட்பாளாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு மத்தியானம் பிள்ளை கைவண்டியில் விளக்கோடு வந்தார். சாய்க்காமல், படுக்க வைக்காமல், தானும் வண்டியோடு நடந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்திருந்தார். கமலத்துக்கு மூச்சு மாறிவிட்டது, பொழுது சாய்கிற வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் தாலி விஷயம் என்றார். படியேறி உள்ளே வந்து, தாமே அதை இங்கிட்டு அடுக்கில் பார்த்து நிறுத்தினார். மேல்துண்டை எடுத்துக் கிடாய்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் பின்பக்கத்து பெஞ்சுகள் போயின. ஆனால் இன்றைக்கும் என் காதில் நிற்பது, மத்தியானம் படியிறங்குவதற்கு முன்னால் அவர் என்னிடம் சொன்னதுதான்:

"விளக்குக்கு ஒண்ணும் ஆகலைங்க."

கரண்டு வந்த ஊர்

நடந்ததை ஆச்சியிடம் சொன்னபோது நிம்மதிப்படுவார் என்று எதிர்பார்த்தேன். என் தாலிக்காக அந்தப் பெண்ணை இருட்டில் விட்டுவிட்டார்களே என்று சொல்லி அழுதார். அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் எந்த வீட்டில் எரிந்தது என்று கேட்பதில்லை.

ஒரு வழியாக அவர் ஊருக்கும் கரண்டு வந்தது. கூடத்தில் ஒரு தூணோரமாக விளக்குக்கென்றே ஒரு பிளக் வைக்கச் சொல்லி சவரிமுத்துவை வரவழைத்தார். கொண்டுவந்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, அவர் வரட்டும் என்றார். சைகோனிலிருந்து ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. கடையை ஒழித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவரும் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் காலையில் ஆச்சி வீட்டு வேலைக்காரர் கருப்பையா கடைப் படியேறி வந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அந்த விளக்கைக் கொண்டுவர வேண்டுமாம், பூவும் வாங்கிவரச் சொன்னார்களாம். சைகோனிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றார். கருப்பையா அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான், முதலாளியைக் கண்ணால் பார்த்ததில்லை. போகும்போது வாய் நிறைய "வாரேங்க" என்றார். எனக்கு வேறு என்ன சொல்ல வேண்டும்? சவரிமுத்து புளி போட்டு விளக்கைத் தங்கமாகத் தேய்த்தான். அவன் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கார் பிடித்து, மடியில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் இரண்டு பேர் மடியிலும் விளக்கைக் கிடத்திக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஆச்சி அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, பெரிய பொட்டோடு வாசலுக்கு வந்தார். கூடத்து மூலையில் ஒருவர் முழுக்கைச் சட்டையோடு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் நான் பார்த்த முகம் அது இல்லை. இவர் கூட வந்தவராக இருக்கும், வீட்டுக்காரர் குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கைத் தூணோரம் நிறுத்தினோம். மூன்று கிடாய்க்கும் ஆச்சி தம் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தார், சரத்தைச் சுற்றினார். சவரிமுத்துவிடம் சுவிட்ச் எது என்று கேட்டுத் தாமே போட்டார். பத்து வருஷத்துக்கு மேல் ஊரெல்லாம் எரிந்த விளக்கு, அன்றைக்குத்தான் அவர் பார்க்க எரிந்தது. தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூலையில் இருந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

நான் முட்டாள்போல, முதலாளி எங்கே ஆச்சி என்று கேட்டேன். விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். ஆடி மாதமே சைகோனில் காய்ச்சலில் போய்விட்டாராம். உடன் வேலை பார்த்த அந்த மனிதர் காலையில்தான் சேதி கொண்டுவந்திருக்கிறார். பொழுது சாய்கிற வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். சேதி தெரிந்த நிமிஷமே பங்காளி வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். பூவும் பொட்டும் போய்விட்டால் இந்த விளக்கைத் தொட அப்புறம் யார் விடப் போகிறார்கள்? அதனால் ஒரு பகல் முழுக்க அந்தச் சேதியைத் தனியாக வைத்துக்கொண்டு, பட்டுக் கட்டி, பூ வைத்து, எங்கள் காருக்காகக் காத்திருந்திருக்கிறார். சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் அழுகையை அடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குளிர வைக்கச் சொன்னார். வயரைத் தாமே சுருட்டிக் கொடுத்தார். கமலம் தடவுவாள் என்று நான் எப்போதோ சொல்லியிருந்த அந்தக் கொம்பை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அண்ணே, இனிமே இத அங்கிட்டு அடுக்குல வச்சுக்கங்க. யாரு வந்து கேட்டாலும் குடுங்க. அந்தப் புள்ள மாதிரி இன்னொருத்தர் இருட்டுல போக வேணாம்."

வாடகைக்குப் போனது எதுவும் போன மாதிரித் திரும்பி வராது என்று ஊர் முழுக்கச் சண்டை போட்டவன் நான், அந்த வீட்டுப் படியை 'வாரேன்' சொல்லாமல் இறங்கிய அன்றைக்குத்தான் அது சாமானுக்கு மட்டுமல்ல, கடைக்காரனுக்கும் பொருந்தும் என்று தெரிந்துகொண்டேன்.